பக்கத்தைப் பிடித்திருப்பது யார்? கேர்னல் ரெஃபரன்ஸ் கவுண்ட் பிழைக்கு எந்தக் கருவியை எடுப்பது

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்), கொழுந்து வாட்டும் தொட்டிக்கு மேல் ஒரு கமரா பொருத்தியிருக்கிறோம். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அது கொழுந்தைப் படம் எடுக்கும். நிறத்தை வைத்து எவ்வளவு வாடியிருக்கிறது என்று கணக்கிட்டு டீமேக்கர் ஐயாவின் ஃபோனுக்கு அனுப்பும். கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் ஆகும். நடுச்சாமத்தில் எழுந்து போய்க் கையால் அள்ளிப் பார்க்கிற வேலை இதனால் கொஞ்சம் குறைகிறது. கமராவோடு இருப்பது 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய லினக்ஸ் போர்டு. கமராவைக் கேர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) இணைக்கும் டிரைவரை நாங்களே எழுதினோம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாட்களில் அந்தப் போர்டின் கேர்னலை 5.15 இலிருந்து 6.1 க்கு மாற்றினோம். அதன் பிறகு ஏறத்தாழ 26 மணி நேரத்துக்கு ஒரு தடவை போர்டு நின்றது. நினைவகம் தீர்ந்துவிட்டது என்று கேர்னல் ஒவ்வொரு புரோகிராமாகக் கொல்லும். கடைசியில் நெட்வர்க்கும் போய்விடும். யாராவது கரண்டை நிறுத்திப் போட்டால் திரும்ப 26 மணி நேரம் ஓடும்.

இப்படி ஒரு பிழை வந்தால் தேடுவதற்கு வழிகள் பல உண்டு. எதை முதலில் எடுப்பது, எதை எடுக்கவே கூடாது என்பதில்தான் நாட்கள் வீணாகின்றன. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ இருந்துகொண்டு, ஒரே ஒரு மடிக்கணினியோடு கேர்னல் வேலை பழகுகிற தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு நூறு இயந்திரம் இருக்கும். நமக்கு நேரமும் கரண்டும் அளந்துதான் கிடைக்கின்றன, அதனால் தெரிவு சரியாக இருக்க வேண்டும்.

முதலில், தலைப்பில் சொன்ன ரெஃபரன்ஸ் கவுண்ட் என்ற எண்ணிக்கை என்ன என்று பார்ப்போம்.

கேர்னல் நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1 ஜிபி என்றால் 262,144 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறிய பதிவு உண்டு. 64 பிட் இயந்திரங்களில் அது வழக்கமாக 64 பைட். அந்தப் பதிவுக்குள் ரெஃப்கவுண்ட் என்றொரு எண் இருக்கிறது. பக்கத்தை யாராவது பயன்படுத்தத் தொடங்கினால் கெட் பேஜ் என்று ஒன்றைக் கூட்ட வேண்டும், முடிந்ததும் புட் பேஜ் என்று ஒன்றைக் கழிக்க வேண்டும். எண் பூச்சியம் ஆனதும் பக்கம் பொதுக் கிடங்குக்குத் திரும்பிவிடும், வேறு யாருக்கும் கொடுக்கப்படும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளை மடுவம் தெரியும். காலையில் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். மாலையில் ஒவ்வொருவராக வந்து தூக்கிப் போவார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு ஆயம்மா கதவைப் பூட்டுவார். அந்த ஆயம்மா பெயர் எழுதாமல், ஒரு பலகையில் எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை கூட்டிவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் பலகையில் 1 நிற்கும், ஆயம்மா இரவெல்லாம் காத்திருப்பார். ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை கழித்துவிட்டால் உள்ளே ஒரு குழந்தை இருக்கும்போதே கதவு பூட்டப்படும். இரண்டும் பிழைதான், ஆனால் இரண்டாவது எவ்வளவு பயங்கரம் என்று சொல்லத் தேவையில்லை.

பலகையில் பெயர் இல்லை என்பதுதான் நம் சிக்கல் முழுவதும். 2 என்று நின்றால் அந்த இரண்டு யார் யார் என்று கேர்னலுக்குத் தெரியாது. எல்லாப் பக்கத்துக்கும் பிடித்தவர்களின் பெயரை எழுதப் போனால் நினைவகமும் வேகமும் தாங்காது. கீழே வருகிற கருவிகள் எல்லாம் அந்தப் பெயரை வேறு வேறு விலைக்கு மீட்டுத் தருகின்றன. நான் ஒப்பிடப் போவதும் அதைத்தான்: எந்தக் கருவி எதை நினைவில் வைத்திருக்கும், அதற்கு நாம் என்ன கொடுக்க வேண்டும்.

கூடியதா, குறைந்ததா

கருவியைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். எண்ணிக்கை கூடி நின்றால் பக்கம் விடுபடாது. நினைவகம் மெல்ல மெல்லக் கசியும், எந்த எச்சரிக்கையும் வராது. எண்ணிக்கை குறைந்தால் பக்கம் முன்கூட்டியே விடுபடும். அதே பக்கம் வேறொருவர் கையில் இருக்கும்போது பழையவர் அதில் எழுதுவார். "பேட் பேஜ் ஸ்டேட்" என்ற செய்தி வரலாம், சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராம் விழலாம், கோப்பு கெடலாம். இரண்டுக்கும் தேவையான கருவிகள் வேறு. கசிவுக்கு மருந்தாகிற கருவி மற்றதற்குப் பெரும்பாலும் உதவாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, எண்ணிக்கை நிரம்பி வழிவது. 2019 இல் கூகுள் ப்ராஜெக்ட் ஸீரோவின் ஜான் ஹோர்ன் அதைக் காட்டினார். 32 பிட் எண் சுற்றிப் பூச்சியத்துக்கு வர ஏறத்தாழ 140 ஜிபி நினைவகம் வேண்டும். 5.1 வெளிவருவதற்குள் அதைத் திருத்திவிட்டார்கள். நம் போர்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை.

எங்கள் போர்டில் நடந்தது எது என்று அறியக் கடதாசியும் பென்சிலும் போதுமாக இருந்தன. கேர்னல் தன் நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவைப் பார்த்தோம். மெம்ஃப்ரீ, அதாவது காலியாக உள்ள நினைவகம், இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் எந்தப் புரோகிராமின் நினைவகமும் ஏறவில்லை, கோப்புகளுக்கான கேஷ் ஏறவில்லை, கேர்னலின் சிறு ஒதுக்கீடுகளுக்கான ஸ்லாப் ஏறவில்லை. எந்தக் கணக்கிலும் சேராமல் பக்கங்கள் காணாமல் போகின்றன என்றால், கேர்னலுக்குள் யாரோ நேரடியாகப் பக்கம் எடுத்துவிட்டுத் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் படம் எடுக்கும் புரோகிராமைக் கையால் 10 தடவை ஓட்டினோம். மெம்ஃப்ரீ ஏறத்தாழ 24,000 கிலோபைட் இறங்கியது. ஒரு தடவைக்கு 2,400. எங்கள் படம் 640க்கு 480, ஒரு புள்ளிக்கு 2 பைட். அது 614,400 பைட், சரியாக 150 பக்கம். டிரைவர் 4 படத்துக்கு இடம் எடுக்கிறது, ஆக 600 பக்கம். 600 பக்கம் என்றால் 2,400 கிலோபைட். புரோகிராம் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் டிரைவரின் பக்கங்கள் அனைத்தும் தொலைகின்றன. பூட் ஆன பிறகு கிட்டத்தட்ட 190,000 பக்கம் மிச்சம் இருக்கும். 600 ஆல் வகுத்து 5 நிமிடத்தால் பெருக்கினால் அந்த 26 மணி நேரம் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கருவியையும் எடுக்காதீர்கள் என்று யாரிடமும் தைரியமாகச் சொல்வேன்.

பக்கங்கள் எங்களுடையவை என்பது கிட்டத்தட்ட உறுதி. அவற்றை விடாமல் பிடித்திருப்பது எங்கள் டிரைவரா, கேர்னலின் வேறு பகுதியா என்பது இன்னும் தெரியாது.

நாங்கள் எடுக்காமல் விட்டவை

என்னோடு வேலை செய்யும் தம்பி உடனே சொன்னார்: "அண்ணா, கேர்னலை மாத்தினதுக்கு அப்புறம்தானே இப்படி? கிட் பைசெக்ட் போட்டுப் பாத்துடுவோமா?"

நியாயமான யோசனைதான். பைசெக்ட் யாரையும் நம்பச் சொல்லாது. பாதி பாதியாக வெட்டிப் பிழை நுழைந்த இடத்தைக் காட்டிவிடும். ஆனால் 5.15 க்கும் 6.1 க்கும் நடுவே 80,000 க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கின்றன. பாதி பாதியாகப் போனாலும் ஏறத்தாழ 17 படி. என் மடிக்கணினியில் முழுக் கேர்னலைக் கட்ட, அதாவது கம்பைல் செய்ய, 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஜூன் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதோடு எங்கள் டிரைவர் கேர்னல் மரத்துக்கு (கேர்னலின் பொதுக் குறியீட்டுத் தொகுப்பு) வெளியே இருப்பது. நடுவில் வருகிற ஒவ்வொரு கேர்னலுக்கும் அதைத் திருத்திக் கட்ட வேண்டும்.

இவை எல்லாம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நாங்கள் ஒரே நாளில் இரண்டு பொருளை மாற்றியிருந்தோம், கேர்னலையும் டிரைவரையும். மாறியது கேர்னல் மட்டும் என்று எடுத்துக்கொண்டுதான் பைசெக்ட் தேடும். பிழை கேர்னல் மரத்துக்குள் இருக்கிறது, சோதனை சில நிமிடத்தில் முடிகிறது, வேறு எதுவும் மாறவில்லை என்றால் அதைப்போல ஒன்று இல்லை. எங்கள் நிலைமை அப்படி இருக்கவில்லை.

கேமெம்லீக் என்ற கருவியின் பெயரைப் பார்த்து அதிலே அரை நாள் செலவழித்தோம். நினைவகக் கசிவைத் தேடுவது என்றுதான் பெயர் சொல்கிறது. ஆனால் அது பின்தொடர்வது கேமாலோக் போன்ற சிறு ஒதுக்கீடுகளை. பக்கமாக நேரடியாக எடுப்பதை அது பார்ப்பதில்லை. கேர்னல் ஆவணத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. பக்க எண்ணிக்கைப் பிழைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

பேஜ் ஓனர்

கசிவுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். 2015 இல் வந்த 3.19 கேர்னலில் ஜூன்சூ கிம் இதைச் சேர்த்தார். அதற்கு முன்பே பல வருடம் மரத்துக்கு வெளியே புழங்கிய யோசனை இது. கட்டும்போது சேர்த்துவிட்டு, பூட் வரியில் பேஜ் ஓனரை ஆன் என்று கொடுத்தால், ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்தது யார், எந்த ஃபங்ஷன் வழியாக வந்து எடுத்தார், எப்போது எடுத்தார் என்று கேர்னல் எழுதி வைக்கும். பிழை தேடுவதற்கென்று கேர்னல் காட்டும் டிபக்எஃப்எஸ் என்ற கோப்பகத்தில் உள்ள ஒரு கோப்பைப் படித்தால் இப்போது வெளியே இருக்கும் பக்கங்களின் பட்டியல் வரும். கேர்னல் மரத்தோடு வருகிற பேஜ் ஓனர் சோர்ட் என்ற சிறு புரோகிராம், ஒரே வழியாக எடுக்கப்பட்டவற்றைச் சேர்த்து எண்ணித் தரும்.

விலை அதிகம் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாகச் சில பத்து பைட். 1 ஜிபி போர்டு அதைத் தாங்கும். கட்டிச் சேர்த்துவிட்டுப் பூட் வரியில் கொடுக்காமல் விட்டால் கிட்டத்தட்ட எந்தச் செலவும் இல்லை. அதனால் களத்துக்கு அனுப்புகிற கேர்னலிலேயே இதைச் சேர்த்து வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

போர்டில் 50 தடவை புரோகிராமை ஓட்டி மூடிவிட்டு அந்தப் பட்டியலை எடுத்தோம். முதல் வரியிலேயே 30,000 பக்கம், எங்கள் டிரைவரின் ஓபன் ஃபங்ஷன் வழியாக. அந்த நேரத்தில் கமராவை யாரும் திறந்திருக்கவில்லை, அங்கே ஒரு பக்கம்கூட இருந்திருக்கக் கூடாது.

பேஜ் ஓனரின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. மடுவத்தில் பிள்ளையைக் காலையில் கொண்டுவந்து விட்டது யார் என்று அது சொல்லும். மாலையில் தூக்கிப்போக வராதது யார் என்று அதற்குத் தெரியாது. எடுத்தவரும் பிடித்திருப்பவரும் ஒருவராக இருந்தால் தேடல் இங்கேயே முடிந்துவிடும், பல கசிவுகள் அப்படித்தான் முடிகின்றன. எங்களுக்கு முடியவில்லை. மூடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் டிரைவர் விடுவிப்பதைக் குறியீட்டில் கண்ணால் பார்க்க முடிந்தது. எண்ணிக்கை 2 இல் இருக்கும் பக்கத்தை விடுவித்தால் 1 ஆகும், அவ்வளவுதான். கேர்னல் ஒரு வார்த்தையும் சொல்லாது. அந்தக் கூடுதல் 1 எங்கிருந்து வந்தது?

பேஜ் ரெஃப் ட்ரேஸ்பாயின்ட்

இந்தக் கேள்விக்கென்றே உள்ள கருவி இது. இதையும் ஜூன்சூ கிம்தான் எழுதினார், 2016 இல் 4.6 கேர்னலோடு வந்தது. கமரா போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கிய தொடர் நினைவகத்தைத் தேவைப்படும்போது காலி செய்ய முடியாமல் போவதற்கு, யாரோ பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணமாக இருந்தது. அது யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. அதனால் எண்ணிக்கையைத் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்து, அங்கே ட்ரேஸ்பாயின்ட், அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் புள்ளி, வைத்தார்கள். அதே வருடம் அந்த எண்ணின் பெயரையும் கவுண்ட் என்பதிலிருந்து ரெஃப்கவுண்ட் என்று மாற்றினார்கள்; நேரடியாக அதைத் தொடுகிற பழைய குறியீடு கட்டும்போதே நின்றுவிட வேண்டும் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த மாற்றங்களில் இது ஒன்று.

கேர்னலைக் கட்டும்போது டிபக் பேஜ் ரெஃப் என்ற தெரிவைப் போட வேண்டும். கேர்னல் குறியீடு ஏறத்தாழ 30 கிலோபைட் பெருக்கும். ட்ரேஸ்பாயின்டை இயக்கும்வரை வேகத்தில் பாதிப்பு இல்லை.

ஒரு பொறி இருக்கிறது, அதில் நாங்கள் விழுந்தோம். கெட் பேஜ் என்பது தனி ஃபங்ஷனாக இல்லாமல், அழைக்கிற இடத்திலேயே விரிந்துவிடுகிற குறியீடு. ஆகவே ஃபங்ஷனை இடைமறித்துப் பார்க்கும் கேப்ரோப்பை அதன் மேல் போட முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் டிரைவரையும் இதே தெரிவு போட்ட கேர்னலின் தலைப்புக் கோப்புகளோடு திரும்பக் கட்ட வேண்டும். பழைய கட்டுமானத்தை எப்படியாவது ஏற்றிவிட்டால் டிரைவருக்குள் நடக்கும் கெட் பேஜ் எதுவுமே ட்ரேஸில் தெரியாது. பிழை உங்களிடம்தான் என்றால், அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தெரியும்.

வடிகட்டாமல் இயக்கினால் பயனில்லை. இயந்திரத்தில் நடக்கும் ஒவ்வொரு பேஜ் ஃபோல்ட்டும் (இன்னும் பொருத்தப்படாத பக்கத்தைப் புரோகிராம் தொடும்போது கேர்னல் தலையிடுவது) எண்ணிக்கையைத் தொடும். ட்ரேஸைப் பதிந்து வைக்கும் எஃப்ட்ரேஸின் இடம் சாதாரணமாக ஒரு கோருக்கு 1,408 கிலோபைட்தான். கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிப் பழையதை அழித்து எழுதிவிடும். அதனால் ஒரே ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து, அதன் பக்க இலக்கத்தை மட்டும் வடிகட்டியில் கொடுக்க வேண்டும். பேஜ் ஓனர் காட்டிய இலக்கம் இதற்கு உதவாது, அந்தப் பக்கம் ஏற்கெனவே தொலைந்தது. அடுத்த ஓட்டத்தில் எடுக்கப்படும் பக்கம் வேறு.

நாங்கள் செய்தது இது. டிரைவர் முதல் பக்கத்தை எடுத்ததும் அதன் இலக்கத்தைக் கேர்னல் லொக்கில் அச்சிட ஒரு வரி சேர்த்தோம். புரோகிராமில் ஓபனுக்கும் எம்மேப்புக்கும் (டிரைவரின் பக்கங்களைப் புரோகிராமின் முகவரி வெளியில் பொருத்துவது) நடுவே 20 விநாடி உறக்கம் வைத்தோம். அந்த 20 விநாடிக்குள் இலக்கத்தை வடிகட்டியில் போட்டு, எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக்ட்ரேஸையும் இயக்கிவிட்டுக் காத்திருந்தோம்.

மொத்தம் நான்கு வரிதான் வந்தது. முதல் வரி கூட்டல் 1, எங்கள் எம்மேப் ஃபங்ஷனிலிருந்து. இரண்டாவது வரியும் கூட்டல் 1, அதே ஃபங்ஷன் அழைத்த விஎம் இன்சர்ட் பேஜ் வழியாக. மூன்றாவது கழித்தல் 1, புரோகிராம் மூடும்போது கேர்னல் அந்தப் பக்கத்தை அதன் முகவரி வெளியிலிருந்து எடுத்தபோது. நான்காவது கழித்தல் 1, டிரைவர் விடுவித்தபோது. எடுக்கும்போது 1, பிறகு 2, 3, 2, 1. அங்கேயே நின்றது.

காரணம் உடனே புரிந்தது. 5.15 இல் ஓடிய பழைய டிரைவர், பேஜ் ஃபோல்ட் வரும்போது பக்கத்தைக் கேர்னலிடம் கொடுக்கும் முறையில் எழுதப்பட்டது. அந்த முறையில் கொடுப்பதற்கு முன் டிரைவர்தான் கெட் பேஜ் போட வேண்டும். பின்னால் புரோகிராம் விடும்போது கேர்னல் கழிக்கப்போவது அந்த 1 ஐத்தான். புதிய டிரைவரில் எல்லாப் பக்கத்தையும் முன்கூட்டியே விஎம் இன்சர்ட் பேஜ் மூலம் பொருத்தினோம். அது தனக்கான பிடியைத் தானே எடுத்துக்கொள்ளும். பழைய கெட் பேஜ் வரியை அழிக்க மறந்திருந்தோம். கேர்னல் மாறியதற்கும் கசிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 17 படி பைசெக்ட் போட்டிருந்தால் அது எந்த மாற்றத்தைக் குற்றம் சாட்டியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ட்ரேஸ் இவ்வளவு சுத்தமாக வந்ததற்கு ஒரு காரணம், எங்கள் பக்கம் ஒதுக்குப்புறமான பக்கம். கோப்புகளின் கேஷில் இருக்கிற பக்கம் என்றால் நிலைமை வேறு. கேஷே ஒரு பிடி வைத்திருக்கும். எது அண்மையில் பயன்பட்டது என்று பார்க்க வைத்திருக்கும் எல்ஆர்யூ வரிசையில் சேரக் காத்திருக்கும்போது ஒவ்வொரு கோரின் சிறு தொகுப்பும் தற்காலிகமாக ஒரு பிடி வைத்திருக்கும். நினைவகத்தை ஒழுங்குபடுத்தும் வேலைகள் நடுவில் வந்து பிடித்துப் பார்த்துவிட்டு விடும். அங்கே வரிகளை ஒன்றொன்றாகப் படிக்க முடியாது. ஒரே ஸ்டாக்கிலிருந்து வந்த கூட்டல் கழித்தல்களை ஹிஸ்ட் ட்ரிகர் கொண்டு தொகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரிய எண்ணைக் கண்டும் பயப்படாதீர்கள். 2020 இலிருந்து, டிஎம்ஏவுக்காக (சாதனம் நினைவகத்தை நேரடியாகப் படிப்பது, எழுதுவது) பின் செய்யப்பட்ட, அதாவது நகராமல் பிடித்து வைக்கப்பட்ட, சாதாரணப் பக்கத்தின் எண்ணிக்கை ஒரு பின்னுக்கு 1,024 கூடும். 1,025 என்று பார்த்தால் அது 1,025 பேரைக் குறிக்காது, ஒரு சாதாரணப் பிடியும் ஒரு பின்னும் என்று படிக்க வேண்டும். நெட்வர்க் டிரைவர்கள் பயன்படுத்தும் பேஜ் ஃப்ராக் ஒரே தடவையில் 32,768 ஐக் கூட்டி வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் பார்க்கும். அதுவும் பிழை கிடையாது.

எண்ணிக்கை குறைந்தால்

மேலே சொன்ன அதே பழைய முறையில், கெட் பேஜை மறந்திருந்தால் எதிர்மாறாக நடந்திருக்கும். புரோகிராம் மூடும்போது எண்ணிக்கை பூச்சியமாகி, டிரைவர் கையில் இருக்கும் பக்கம் கிடங்குக்குப் போயிருக்கும். இதற்கு நான் ட்ரேஸை முதலில் எடுக்க மாட்டேன். எந்தப் பக்கம் என்பதே தெரியாது, தெரிய வரும்போது அது மூன்று பேர் கை மாறியிருக்கும். குற்றம் நடக்கிற கணத்திலேயே நிறுத்துகிற கருவி வேண்டும்.

மலிவானது டிபக் விஎம். ஏற்கெனவே பூச்சியமான பக்கத்தை யாராவது மேலும் கழித்தாலோ, விடுபட்ட பக்கத்தைப் பிடிக்கப் பார்த்தாலோ, அங்கேயே கேர்னல் நின்று ஸ்டாக்கைக் காட்டும். வளர்ச்சி வேலைக்கான கேர்னலில் இது எப்போதும் இருக்க வேண்டும்.

கேசான் இதைவிடக் கூர்மை. விடுபட்ட பக்கத்தைக் கேர்னல் குறியீடு தொட்டவுடன் சொல்லிவிடும். ஆனால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று குறித்து வைக்கும் நிழலுக்கென்று எடுத்துக்கொள்ளும், எங்கள் போர்டில் அது 128 எம்பி. வேகமும் கணிசமாகக் குறையும். நான் இதைப் போர்டில் ஓட்டுவதில்லை. மடிக்கணினியில் கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள், உண்மையான கமராவுக்குப் பதிலாகப் பொய்ப் படம் கொடுக்கும்படி டிரைவரை மாற்றி ஓட்டுகிறேன். எம்மேப் பிழைகளுக்கு அது போதும்.

கேசானுக்குத் தெரியாத இரண்டு கைகள் உண்டு. ஒன்று, பயனர் புரோகிராம் தன் எம்மேப் வழியாக எழுதுவது. மற்றது, சாதனம் டிஎம்ஏ மூலம் எழுதுவது. இரண்டும் கேசான் காவல் காக்கும் குறியீட்டின் வழியே போவதில்லை. கமரா டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய ஓட்டை. அங்கே பேஜ் பாய்சனிங் உதவும்: விடுபட்ட பக்கத்தை 0xஏஏ என்ற பைட்டால் நிரப்பி வைத்து, திரும்பக் கொடுக்கும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும். யார் எழுதினார் என்று அதனால் சொல்ல முடியாது. எழுதப்பட்டது என்று மட்டும் சொல்லும். ஆனால் அந்தப் பக்கத்தில் உங்கள் கொழுந்துப் படத்தின் துண்டு கிடந்தால் வேறு சாட்சி எதற்கு?

இறந்த பின் பார்ப்பது

கேடம்ப்பும் க்ராஷும் சேர்ந்த வழி பெரிய சர்வர்களுக்குச் சரி. விழுந்த கேர்னலின் நினைவகத்தை முழுதாகச் சேமித்துப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். 1 ஜிபி போர்டில் அதற்கென்று நினைவகம் ஒதுக்கினால் கமராவுக்கு இடம் குறைகிறது. தவிர, கசிவில் கேர்னல் தானாக விழுவதில்லை, நினைவகம் தீர்ந்தால் விழு என்று நாம் சொல்லி வைக்க வேண்டும். சேமித்ததிலும் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது.

அதற்குப் பதில் ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலையே பைத்தானில் படிக்க உதவும் டிராகன் எனக்குப் பிடிக்கிறது. பேஜ் ஓனர் காட்டிய பக்கங்களின் ரெஃப்கவுண்ட் எல்லாம் 1 தானா என்று ஒரு சிறு லூப்பில் பார்த்துவிடலாம். எல்லாம் 1 என்றால் ஒரே ஒரு பிடி விடுபடவில்லை. 1, 2, 5 என்று சிதறியிருந்தால் அது ரேஸாக (ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகள் மோதுவது) இருக்கலாம், தேடல் வேறு திசையில் போக வேண்டும். டிபக் தகவல் உள்ள கேர்னல் கோப்பு மிகப் பெரியது, ஸ்டோரில் கிடைக்கிற சிக்னலில் அதை இறக்க முடியாது. பென் டிரைவில் கொண்டு போங்கள்.

கெட் பேஜ் வரியை அழித்துவிட்டு, போர்டில் புரோகிராமை 1,000 தடவை திறந்து மூடினோம். பழைய டிரைவர் 320 ஐத் தாண்டியிருக்காது. மெம்ஃப்ரீ தொடங்கிய இடத்தைச் சுற்றியே நின்றது, பேஜ் ஓனர் பட்டியலில் எங்கள் ஃபங்ஷனின் பெயர் இல்லை. தம்பி அந்தப் பட்டியலை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது ஸ்டோரில் இரண்டு எஸ்டி கார்டு இருக்கின்றன. ஒன்று போர்டில். மற்றதில் டிபக் விஎம், பேஜ் ஓனர், டிபக் பேஜ் ரெஃப், பேஜ் பாய்சனிங் எல்லாம் சேர்த்துக் கட்டிய அதே 6.1, அதே தெரிவுகளோடு கட்டிய டிரைவர். ஈரம் படாமல் சிறு டப்பாவில் போட்டு டீமேக்கர் ஐயாவின் மேசை லாச்சியில் வைத்திருக்கிறோம். திரும்பவும் போர்டு நின்றால் கார்டை மாற்றிப் போட்டுவிட்டு எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். நாங்கள் ஹட்டனில் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அது எழுதத் தொடங்கியிருக்கும்.